மூன்றாவது தண்டவாளத்தில் விழுந்த வெளிச்சம்

மார்ச் 9

சம்பந்தியம்மாவுக்கு,

அன்றைக்கு வீடியோ கேம் ஹாலில், போட்டி நடந்தபோது இருந்தவர்கள்: நாற்காலியில் நடுவர், அதாவது நம் பல் டாக்டர். அவருக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு டோக்கன்காரர். மெஷினுக்குப் பின்னால் டார்ச் லைட்டோடு மெக்கானிக் ஸ்குரூ. பேக்கரி அண்ணன் தம்பி இரண்டு பேர், பெரியவன் வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு. போன வருஷம் ஜெயித்த பஸ் டிரைவர், யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல். முன் வரிசையில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த என் மகள், அவள் மடியில் நம் பேத்தி குட்டி. மெஷின் முன்னால் நான். எனக்குப் பின்னால், எனக்குக் கண்ணாக, நீங்கள்.

இவ்வளவு பேர்தான். வாசலில் நின்று கூச்சல் போட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நான் ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை. வேறு ஒருவரையும் விடவில்லை. பஸ் டிரைவர் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் இல்லை. அதுகூட எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே, கிழவிக்கு மறதி, ஏதோ உளறுகிறாள் என்று நீங்கள் யாரிடமும் சொல்லித் தப்பிக்க முடியாது.

போன் செய்தால் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை நடுவில் நிறுத்த முடியாது, கிழிக்கத்தான் முடியும். நீங்கள் கிழிக்க மாட்டீர்கள். தைக்கிற துணியாக இருந்தாலும் காகிதமாக இருந்தாலும் வீணாக்கப் பிடிக்காத கை உங்களுடையது.

இதை நீங்கள் பல் டாக்டரிடம் காட்டினாலும் காட்டுவீர்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் முழுசாகவே எழுதுகிறேன். அந்த ரயில் மெஷினில் எண்ணுக்கு ஆறு இடம்தான் இருக்கிறது. பத்து லட்சத்தைத் தொட்டால் ஏழாவது எண்ணுக்குப் போக இடமில்லாமல், எல்லாம் அழிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். கேமரா வைத்துப் பார்த்தார்கள், கண்ணாடியில் ட்யூப்லைட் அடித்து ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் ஆடுகிறவருக்குப் பின்னால் அவருடைய எதிராளியை நிறுத்துகிறோம். அவருக்குப் பேர் கண். ஆடினவரே சொன்னால் நம்ப மாட்டார்கள், எதிராளி சொன்னால் மறுக்க மாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் நடுவர் கேட்பார்: ‘கண் பார்த்ததா?’ பார்த்தது என்று சொன்னால் அது எண். இல்லையென்றால் திரையில் என்ன நிற்கிறதோ அதுதான்.

காலையில் உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்கவில்லை, எழுந்து போகவில்லை. நாலு தண்டவாளத்திலும் ரயில் மேல் ரயிலாக வந்தது, ஒன்றோடு ஒன்று மோதவிடாமல் தடம் மாற்றி மாற்றி அனுப்பினேன். மதியம் பத்து லட்சத்தைத் தாண்டினேன். இந்த ஹாலில் எந்த ஆம்பிளையும் தாண்டியதில்லை, எந்தப் பொம்பளையும் தாண்டியதில்லை. எண் பூஜ்யமாகி, மறுபடி நாற்பத்தி ஓராயிரம் வந்தபோது ஒரு ரயில் மோதி ஆட்டம் முடிந்தது. டாக்டர் கேட்டார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்கள்: ‘கண் பார்க்கல.’

பார்க்கலை! அப்படியென்றால் அங்கே நின்று என்ன செய்தீர்கள், பட்டன் தைத்தீர்களா?

இப்போது பலகையில் என் பேருக்கு நேரே நாற்பத்தி ஓராயிரம் என்று இருக்கிறது. குட்டிகூட அதைவிட அதிகம் எடுப்பாள். மாதக் கடைசி வரைக்கும் எண்ணைத் திருத்தலாமாம். டாக்டரிடம் போய், பார்த்தேன், பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அப்புறம் நானும் ஏதோ சொன்னேன். கோபத்தில் வந்தது. அதைப் பெரிசுபடுத்த வேண்டாம். என் மகளைப் போனை எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகளின் அம்மா


மார்ச் 13

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று டாக்டரிடம் சொல்ல மாட்டேன். இதற்கு மேல் அந்த எண்ணைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

‘ஏதோ சொன்னேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பஸ் டிரைவரின் பட்டன் நினைவிருக்கிறது, இது மறந்துவிட்டது போலிருக்கிறது. நீங்கள் சொன்னது இதுதான்: “பொய் சொல்றது உங்க குடும்பத்துக்குப் புதுசா? உங்க புள்ள நாலு மாசமா வேலையில்லாம இருக்கான். தெனம் காலைல டிபன் பாக்ஸத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் போறேன்னு கிளம்பறான். எங்கயோ உக்காந்து தின்னுட்டு, சாயங்காலம் அலுத்துப் போன மாதிரி வந்து நிக்கறான். எம் பொண்ணு சம்பாதிச்சுப் போடறா!”

நீங்கள் பேச ஆரம்பித்ததுமே டோக்கன்காரர் மைக்கை உங்கள் வாய்க்கு நேரே நீட்டிவிட்டார். வெளியே கட்டியிருந்த ஸ்பீக்கரில் தெரு முழுக்கக் கேட்டது. கல்யாணமான நாள் முதல் என் மகனை நீங்கள் ‘அவர்’ என்றுதான் சொல்லிவந்தீர்கள். ‘அவன்’ என்பதை மைக்கில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

அவனுக்கு வேலை போனது எனக்குத் தெரியாது. அந்த டிபன் பாக்ஸில் தினமும் சாப்பாடு வைத்தது நான். என்னிடமிருந்து மறைக்கத்தான் அவன் அந்த வேஷம் போட்டிருக்கிறான். உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கிறது. மனசு தாங்காமல் பெற்ற தாயிடம் ஒரு நாள் சொல்லி அழுதிருக்கிறாள். அந்தத் தாய்தான் நீங்கள்.

மறுநாள் காலையில் அவன் குளித்து, சட்டை போட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனான். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பி வந்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து, காலையிலேயே அதைத் திறந்து சாப்பிட்டான். நான் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். அளவு தப்பாகிவிட்டது.

உங்கள் மகள் போனை எடுக்க மாட்டாள். நான் தடுக்கவில்லை. போன் அவள் கையில்தான் இருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 17

சம்பந்தியம்மாவுக்கு,

நான் சொன்னதை ஒரு எழுத்துக்கூட விடாமல் திருப்பி எழுதியிருக்கிறீர்கள். நல்ல ஞாபகம்தான். அந்த ஞாபகத்தில் கொஞ்சத்தைத் திரைப் பக்கம் வைத்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது.

நானும் சிலது நினைவுபடுத்துகிறேன். கல்யாண ஆல்பத்தில் பெரிய போட்டோவில் உங்கள் முழங்கை என் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை மணப்பெண்ணின் அம்மா வெறும் ஒரு காது. அன்றைக்கு உங்கள் பெரியப்பா மகன், பெண் வீட்டில் என்ன தொழில் என்று கேட்டதற்கு, ‘துணி சம்பந்தமா’ என்று சொன்னீர்கள். சலவைக்கடை என்று சொல்ல நாக்குக் கூசியது. நான் உங்கள் பின்னால்தான் நின்றேன். தட்டில் இருந்ததைத் தொடாமல் வைத்துவிட்டேன். நீங்கள் அதைக்கூடக் கவனிக்கவில்லை. கவனிக்காமல் இருப்பது உங்களுக்கு அன்றைக்கே பழக்கம்தான்.

அப்படியும் உங்களுக்கு அந்த மெஷினைச் சொல்லிக்கொடுத்தது நான்தானே? என் கடை மூலையில் அது நின்ற காலத்தில், துணி உலரும் வரை ஆடி ஆடிப் பழகியவள் நான். குட்டி பிறந்து அவளைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வந்தபோது, கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தேன். பட்டனை விரல் நுனியால் அழுத்தாதீர்கள், முட்டியால் தட்டுங்கள் என்றேன். கண்ணை ரயிலில் வைக்காதீர்கள், அது வரப்போகிற காலித் தண்டவாளத்தில் வையுங்கள் என்றேன். ஊசி கோத்த கை, ஒரே வருஷத்தில் எனக்கு எதிரே வந்து நின்றது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதை நான் உங்களிடம் சொன்னதில்லை, இப்போதும் சொல்லியிருக்கக் கூடாது.

இங்கே நடப்பதையும் கேளுங்கள். நேற்று ரொட்டி வாங்கப் போனேன். பேக்கரிச் சின்னவன் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறான்: “அண்ணே, டப்பா மாமியார் வந்திருக்காங்க.” டப்பா! ஹாலில் மாப்பிள்ளைக்கு அதுதான் பேராம். பெரியவன் உள்ளேயிருந்து, “மெதுவாப் பேசுடா, மைக் வச்சிருக்கப் போறாங்க” என்கிறான். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நான் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நான்! ரொட்டியைக் கல்லா மேலேயே வைத்துவிட்டு வந்தேன். இப்போது பின்சந்து வழியாகத்தான் போய்வருகிறேன். எங்கே போனாலும் நான் சொன்ன சொல் எனக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

கடைக்கு வருகிறவர்கள் துணியைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொள்கிறார்கள். முன்பெல்லாம் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி ஊர்க்கதை சொல்வார்கள். இப்போது என்னிடம் சொல்லப் பயம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பதில் வேண்டும். நீங்கள் என்ன, வேடிக்கை பார்க்க வந்தவரா? எனக்குக் கண்ணாக எத்தனையோ முறை நின்றிருக்கிறீர்கள். தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வீர்கள். அன்றைக்கு, அந்த ஒரு நொடியில், எதற்காகத் திரும்பினீர்கள்?

குட்டிக்குப் பல் விழுந்ததா? ஆடிக்கொண்டிருந்ததே.

உங்கள் மருமகளின் அம்மா


மார்ச் 22

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் ஒன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியதும், வாசலில் நின்ற பிள்ளைகள் தெருவில் ஓடி, “சலவைப் பாட்டி பத்து லட்சம் அடிக்கப் போறாங்க” என்று கத்தியிருக்கிறார்கள். பக்கத்துப் படிப்பகத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவன் அதைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தான். கூட்டமாக இருந்த முன்வாசலில் நுழையாமல், கழிப்பறைப் பக்கத்துப் பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து நின்றான். தோளில் டிபன் பாக்ஸ் பை.

கதவுச் சத்தம் கேட்டு நான் திரும்பினேன். என் மகன்.

ஆபீஸில் இருக்க வேண்டியவன் இங்கே ஏன் நிற்கிறான்? விபத்தா, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று அவன் முகத்தைத் தேடினேன். ஆனால் அவன் என்னைப் பார்க்கவில்லை. உங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னப் பையனாக இருந்தபோது பட்டம் மேலே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பானே, அந்த முகம். அப்போதுதான் கூட்டம் கத்தியது. நான் மறுபடி திரும்பியபோது திரையில் பூஜ்யங்கள் போய் வேறு எண் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் கேட்டார். திரும்பினேன் என்று சொன்னால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் எல்லோரும் அவனைப் பார்ப்பார்கள். வேலை நாளில், வேலை நேரத்தில், கழிப்பறைக் கதவோரம் அவன் நிற்பதைப் பார்ப்பார்கள். அதனால் இரண்டே சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். உங்கள் எண்ணைக் கெடுக்கிறோம் என்று தெரிந்தேதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து உங்களிடம் தனியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் நீங்கள் பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்று மூன்று நாள் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

உங்கள் முதல் கடிதத்தில் அன்றைக்கு இருந்தவர்கள் எல்லோரையும் எழுதினீர்கள். ஒருவரையும் விடவில்லை என்றும் எழுதினீர்கள். என் மகன் அதில் இல்லை.

நீங்கள் பார்க்காததால் விட்டிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நானும் அந்த மெஷினில் ஆடுகிறவள். பின்கதவு திறந்தால் வெளிச்சம் வெள்ளைக் கோடாக மெஷின் திரைக் கண்ணாடியில், மூன்றாவது தண்டவாளத்தின் மேல் விழும். அந்தக் கோட்டில் யார் நின்றாலும் ஆளை அடையாளம் தெரியும். அந்தக் கதவுக்குத் திரை போடுங்கள் என்று டோக்கன்காரரிடம் நீங்கள் போடாத சண்டையா? போன முறை பஸ் டிரைவர் அந்தக் கதவைத் திறந்ததற்கு, ஆட்டத்தை நிறுத்தாமலே, தலையைக்கூடத் திருப்பாமலே, “கதவ மூடுய்யா, கண்ணு கூசுது” என்று கத்தினீர்கள்.

அன்றைக்குக் கதவு திறந்தது. நீங்கள் கத்தவில்லை.

நான் கேள்வி கேட்கவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

குட்டிக்குப் பல் விழுந்துவிட்டது. உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 27

சம்பந்தியம்மாவுக்கு,

கடையில் வேலை அதிகம். இரண்டு உலர்த்தி மெஷின் ரிப்பேர். ஸ்குரூ வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அதனால் நீளமாக எழுத முடியாது.

ஒரு மனுஷி ஆடும்போது ஆயிரம் பார்ப்பாள். எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்ல முடியுமா?

டாக்டரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். மாதக் கடைசி வந்துவிட்டது, போகட்டும். பலகையில் இருப்பது இருந்துவிட்டுப் போகட்டும். அதைப் பார்க்க நான் அங்கே போகப் போவதில்லை.

பல்லைத் தொலைத்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். தீப்பெட்டி வேண்டாம், ஈரம் ஏறிவிடும். மருந்து டப்பா ஏதாவது

சின்ன டப்பி ஏதாவது கொடுங்கள்.

உங்கள் மருமகளின் அம்மா


ஏப்ரல் 3

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நீங்கள் வேண்டாம் என்று எழுதிய கடிதம் வருவதற்கு முன்பே நான் ஹாலுக்குப் போய்விட்டேன்.

போட்டிக்காரர்கள் கூடுகிற நாள். எல்லோரும் இருந்தார்கள். டாக்டரிடம் சொன்னேன்: “அன்னைக்கு நான் திரும்பிட்டேன். எம் புள்ள பின்கதவுல நின்னான், அவனப் பாத்தேன். சம்பந்தியம்மா மேல தப்பில்ல, கண்ணு மேலதான் தப்பு.” பேக்கரிப் பெரியவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூடிக்கொண்டான். அவன் வாய் காலியாக இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கண் தவறினால் ஆடியவருக்கு மறு ஆட்டம் உண்டு, அதுதான் விதி என்றார் டாக்டர். இந்த மாதம் இருபதாம் தேதி. பஸ் டிரைவர் உங்களுக்குக் கண்ணாக நிற்கச் சம்மதித்துவிட்டார். அதுவரை பலகையில் இருந்த எண்ணை அழித்து, உங்கள் பேருக்கு நேரே இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் ஒரு செய்தி. என் மகன் பத்து நாளாக மறுபடியும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போகிறான். எங்கே என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கு ஆகிற மாதிரி வைக்கச் சொல்கிறான், வைக்கிறேன். வேலை கிடைத்திருந்தால் சொல்லியிருப்பான். சாயங்காலம் வரும்போது முன்னைப் போல் அலுத்த முகம் காட்டுவதில்லை, அது போதும்.

உங்கள் கடிதங்களையும், நான் உங்களுக்கு எழுதியதையும் உங்கள் மகளிடம் சொன்னேன். கண்ணாடியில் விழுந்த வெள்ளைக் கோட்டைப் பற்றியும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் இருந்து இருந்துதான் இந்த வீடு இப்படி ஆனது.

அவள் கேட்டுக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் மடிக்கிற மாதிரியே, கையை உள்ளே விட்டு ஒரு உதறு உதறி. பிறகு சொன்னாள்: “அம்மாவுக்குச் சொல்ல ஏதாவது இருந்தா வரச் சொல்லுங்க அத்தை. கடுதாசில வேண்டாம். நேர்ல.”

கதவு திறந்திருக்கிறது. வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


ஏப்ரல் 8

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் மகன் எங்கே போகிறார் என்று நீங்கள் தேட வேண்டாம். இங்கேதான் வருகிறார்.

முதல் நாள் மதியம் கடைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வரட்டும் என்றுதான் இருந்தேன். ஒரு அறை அறைந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அப்புறம் எங்கள் கணக்குத் தீர்ந்திருக்கும். கை வேலையை விடாமலே, “வாங்க” என்றேன். உள்ளே வந்து, துணி மடிக்கிற மேஜையில் இடம் ஒதுக்கி, டிபன் பாக்ஸைத் திறந்து, பாதியை மூடியில் எடுத்து வைத்து என் பக்கம் தள்ளினார்.

“சாப்பிடுங்க அத்தை. தனியாச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கு வெறுத்துப் போச்சு.”

அவ்வளவுதான் பேச்சு. நான் சாப்பிட்டேன். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள், ஸ்குரூ வந்து பார்க்காத உலர்த்தி மெஷினைத் தானே திறந்து பார்த்தார். இப்போது ஒன்று ஓடுகிறது, இன்னொன்று புகை விடுகிறது. அந்த இரண்டாவதை அவர் தொடாமல் இருந்திருக்கலாம்.

நேற்று உங்கள் கடிதம் வந்த நேரத்திலும் அவர் இருந்தார். மறு ஆட்டம் இருபதாம் தேதி என்று படித்துக் காட்டினேன். எனக்கு வேண்டாம் என்றேன்.

அவர் டப்பாவை மூடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் என் சொல்லை எழுத்து விடாமல் எழுதினீர்கள், நான் உங்கள் மகன் சொல்லை எழுதுகிறேன்:

“நீங்க ஆடணும் அத்தை. அன்னைக்கு ஒங்க ஆட்டத்தக் கெடுத்தது நான்தான். கண்ணாடியில நீங்க என்னப் பாத்துட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அப்பவே நான் வெளிய போயிருக்கணும். பத்து லட்சம் எப்படித்தான் பூஜ்யமாகுதுன்னு பாக்கற ஆசை, நின்னுட்டேன். மன்னிச்சிடுங்க. இந்தத் தடவ நான் உள்ள வரமாட்டேன். பின்கதவுக்கு வெளிய நின்னு கதவப் பிடிச்சுக்கறேன். யாரும் தொறக்க முடியாது. ஒங்க மேல வெளிச்சமே விழாது.”

சொல்லிவிட்டு, மடித்து வைத்த துணிகளை அலமாரியில் அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சம்பந்தியம்மா, நீங்கள் எழுதி மட்டும் வைத்தீர்கள், கேட்கவில்லை. நான் பதில் சொல்லிவிடுகிறேன். கோடு விழுந்தது. கோட்டில் அவர் நின்றார். தோளில் பை. நீங்கள் திரும்பியதும் அதே கண்ணாடியில் தெரிந்தது. அடுத்த ரயில் மூன்றாவது தண்டவாளத்தில் வந்துகொண்டிருந்தது. அதைத் தடம் மாற்றினேன். பத்து லட்சம் தாண்டியபோது எனக்குக் கண் இல்லை என்று தெரிந்தே ஆடினேன். டாக்டர் கேட்டபோது நீங்கள் எனக்காகப் பொய் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அப்புறம் நான் கத்தினேன். கத்தும்போது அவர் என் முதுகுக்குப் பின்னால், அந்தக் கதவில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் குரலை ஏற்றினேன். மைக் இல்லாவிட்டாலும் கேட்டிருக்கும்.

இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை வந்து என் மகளிடம் நேரில் சொல்லப் போகிறேன். வாசலில் நின்று சொல்வதா, உள்ளே வந்து சொல்வதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். குட்டியை அந்த நேரம் மட்டும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பல்லை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

மறு ஆட்டம் வேண்டாம் என்று டாக்டரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். என் பேருக்கு நேரே இருக்கும் இடம் காலியாகவே இருக்கட்டும். அவர் கதவுக்கு வெளியே நின்று பிடித்துக்கொண்டிருக்க, உள்ளே உட்கார்ந்து என்னால் ஒரு ரயிலைக்கூட அனுப்ப முடியாது.

எனக்கு மனசில் வைத்துக்கொள்ளும் குணம் உண்டு, ஊருக்கே தெரியும். இந்த வயசில் கொஞ்சம் இறக்கி வைக்கலாம் என்று பார்க்கிறேன். டோக்கன்காரர் மைக்கை நீட்டினார், அவர் பிழைப்பு அது, விட்டுவிட்டேன். பேக்கரிக்காரர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டேன், பெரியவனைக் கொஞ்சம் யோசித்துத்தான். ஸ்குரூவை விட்டுவிட்டேன், இன்னும் வரவில்லை என்றாலும். உங்களை விட்டுவிட்டேன், போட்டோவில் இருக்கிற முழங்கையையும் சேர்த்து. போனை எடுக்காத மகளை விட்டுவிடுவதற்கு அவள் என்ன தப்புச் செய்தாள்? என்னை விடுவதா என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம்.

ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். தெருவே கேட்க அவரை நான் அப்படிப் பேசிய பிறகும், என்னை ஒரு வார்த்தை திட்டாமல், எனக்கு முன்னால் வந்து, எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவந்து, நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அவரே என்னிடம் கேட்டுவிட்டுப் போனாரே, அவரை மட்டும், சாகிற வரைக்கும், என் மாப்பிள்ளையை.